கந்தப்பளைக்கு வயிறெரியப் போன பயணம்

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரல் விடுமுறையில் நான் கந்தப்பளைக்குப் போனது ஊர் பார்க்கவோ குளிர்காற்று வாங்கவோ இல்லை. சவரி என்று என் சிநேகிதன் ஒருவன், அவனைப் பார்க்கப் போனேன். பார்த்து வயிறெரிவதற்குப் போனேன் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். அட்டனிலிருந்து அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று ரயில், பஸ், செலவு எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். என் புலம்பல் வேண்டாதவர்கள் அதைத் தாண்டிக்கொண்டு போகலாம்.

சவரியும் நானும் அட்டனில் ஒரே பள்ளிக்கூடம், திருச்சியில் ஒரே கல்லூரி, ஒரே பௌதிகப் பட்டம். இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். பட்டத்தில் என் வகுப்பு அவனுடையதைவிட ஒரு படி மேல். இதைப் போகிற போக்கில் சொல்கிறேன், பெருமைக்கு இல்லை. சரி, பெருமைக்குத்தான்.

பட்டத்தோடு திரும்பி வந்தால் இங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது? பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு வோட்டும் இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. நான் அட்டனில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நெம்புகோல் பாடம் நடத்துகிறேன். பம்பாயில் அணு உலையை வடிவமைக்கவும் பத்திரமாக ஓட்டவும் ஒரு வருடப் பயிற்சி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எங்கள் இருவரிடமும் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. விண்ணப்பித்தோம். கொழும்பில் நேர்முகத்துக்கு ஒரே நாளில் அழைத்தார்கள்.

அங்கே முதலில் போனவன் நான். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாக ஒருவர் கேட்டார்: "நீங்கள் உலைக்குக் காவலாக நிற்கிறீர்கள். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. உங்கள் மேலதிகாரி அங்கே இல்லை. என்ன செய்வீர்கள்?" நான் யோசிக்கவே இல்லை. "உடனே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடுவேன், ஐயா" என்றேன். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு வேறு பதில் வாயில் வராது. தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லாமல், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொல்லாமல் அங்கே ஒரு புல்லைக்கூடப் பிடுங்க முடியாது. அது எனக்கு மரியாதையான, பொறுப்பான பதிலாகத்தான் பட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து வராந்தாவில் நின்ற சவரியிடம் கேள்வியையும் பதிலையும் அப்படியே ஒப்பித்தேன். பிறகு அவன் உள்ளே போனான். அவனிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள். "உலையை நிறுத்திடுவேன்" என்றிருக்கிறான். அவன் பம்பாய்க்குப் போனான், நான் நெம்புகோலுக்கே திரும்பினேன். என் கேள்வியை வைத்து, என் பதிலைத் திருப்பிப் போட்டு இடம் பிடித்துவிட்டான் என்று ஒரு வருடமாக மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடமும் மே மாதம் நேர்முகம் என்று கடிதம் வந்தது. அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் சாகும்வரை எட்டாம் வகுப்புத்தான். சவரி பயிற்சியின் நடுவில் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். பொறாமையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவனிடமே கேட்பதென்று புறப்பட்டேன்.

அட்டனில் காலை 7.40க்கு வண்டி. நானுஓயா வரை இருபது மைல், மூன்றாம் வகுப்பு தொண்ணூறு சதம். புறப்பட்டதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். ஜன்னலைச் சாத்திவிடுங்கள், இல்லையென்றால் என்ஜின் புகை முழுக்க உங்கள் வெள்ளைச் சட்டையில்தான். கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை என்று வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. அந்த வழி முழுக்கக் கொழுந்து எடுப்பவர்களைப் பார்க்கலாம். ஏப்ரலில் கொழுந்து கொட்டுகிற காலம். ஞாயிற்றுக்கிழமையில்கூடப் பேர் போட்டு, அதாவது நாள் கூலி எழுதி, வேலை கொடுப்பார்கள். வடை விற்றவரிடம் இரண்டு பருப்பு வடை வாங்கினேன். நன்றாக இருந்தது. சவரி இப்போது பம்பாயில் என்னவெல்லாம் தின்கிறானோ என்ற நினைப்பில் இரண்டாவது வடை இறங்கவில்லை.

நானுஓயாவில் இறங்கினால் வெளியிலேயே நுவரெலியா பஸ். ஐந்து மைல், இருபது சதம். சீசன் சமயம் என்பதால் குதிரைப் பந்தயத்துக்கும் பூக்காட்சிக்கும் வந்த கொழும்புக் கூட்டம் பஸ்ஸை அடைத்துவிட்டது. கண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். முன்னால் போவதற்கு அங்கே இருந்தது டிரைவரின் மடி மட்டும்தான்.

நுவரெலியா பஸ் நிலையத்தில் சவரி நின்றிருந்தான். நீலக் கம்பளிச் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் கடிகாரம். போன வருடம் என்னிடம் காற்சட்டை இரவல் வாங்கி நேர்முகத்துக்குப் போனவன். கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் கொஞ்சம் பந்தா காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காட்டவில்லை.

கந்தப்பளைக்கு ஏழு மைல், முப்பது சதம், முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் முட்டைக்கோசும் லீக்ஸும் பச்சைப் பாய் விரித்தது மாதிரி கிடக்கும். அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. அடக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு வராந்தாவுல நான் சொன்னத வச்சுத்தானடா பதில் சொன்ன?"

"நீ என்ன சொன்ன?" என்றான் சவரி. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ வந்து பேசுனது ஞாபகம் இருக்கு. என்ன பேசுனேன்னு ஒண்ணும் ஏறல."

நான் நம்பவில்லை. நீங்களாக இருந்தால் நம்புவீர்களா?

கந்தப்பளை கடைத்தெருவில் இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும். தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் புரியும். வழியில் கண்டாக்கையா எதிரே வந்தார். எங்கள் பக்கத்தில் கண்டாக்கையா வந்தால் ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அவரோ சவரியைப் பார்த்து நின்று, "என்ன, எப்ப திரும்பிப் போறீங்க?" என்றார். போறீங்க. லயத்துப் பிள்ளைக்கு 'ங்க'. எனக்கு ஒரு தலையசைப்புக்கூட இல்லை. அந்த ஒரு 'ங்க'வுக்காக நான் பம்பாய் என்ன, வடதுருவத்துக்கே போவேன்.

சவரியின் அப்பா சூசை மாமா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்பு வேலை பார்ப்பவர். இலையைக் காய வைக்கும் பெரிய யந்திரத்தைத்தான் அங்கே அடுப்பு என்பார்கள். அவர் வேலைக்குப் போயிருந்தார். அத்தை சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். இரண்டு பேருக்கும் சமமாகத்தான் போட்டார்கள். ஆனால் அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சாப்பிட்டதும் சவரி பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தான். உலையில் ஏறுகிற சூட்டைக் கட்டுப்படுத்தக் கோல்கள் உண்டு, அவற்றை மின்காந்தம் மேலே தூக்கிப் பிடித்திருக்கும், மின்சாரம் போனால் கோல்கள் தானாகவே விழுந்து உலை அணைந்துவிடும் என்று படம் போட்டான். "ஒரு யந்திரத்த வரையும்போது அது எப்படி ஓடும்னு மட்டும் யோசிக்கக் கூடாதுடா. கெட்டுப்போனா எப்படி நிக்கும்னு மொதல்ல யோசிக்கணும்" என்றான். அவன் வாயிலிருந்து வந்ததாலேயே அது எனக்குக் கசந்தது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டேன்.

"ஆள் விசயத்துல?" என்று கேட்டேன்.

"அங்க மொத நாளே சொல்லிட்டாங்க. சந்தேகம் வந்தா நிறுத்து, அதுக்கப்புறம் கேளு. கூட்டித் தொடைக்க வர்றவருக்குக்கூட நிறுத்துற உரிமை இருக்கு. நிறுத்துனதுக்காக யாரையும் ஏசக் கூடாது. அதான் சட்டம்."

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் குளிர் ஏறிவிட்டது. ஸ்டோர் உள்ளே கதகதப்பாக இருக்கும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. டீமேக்கர், அதாவது ஸ்டோருக்குப் பொறுப்பானவர், சாப்பிட வீட்டுக்குப் போயிருந்ததால் சூசை மாமா, "ஓரமா நில்லுங்க தம்பி, அவரு வர்றதுக்குள்ள கெளம்பிடணும்" என்று என்னை அடுப்பின் பக்கத்தில் சுவரோரம் நிறுத்தினார். சவரி இலை சலிக்கிற பக்கம் போய்விட்டான்.

அடுப்பை உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். பின்னால் விறகு எரியும். ஒரு பெரிய விசிறி அந்தச் சூட்டை உள்ளே ஊதும். உள்ளே தட்டுத் தட்டாக இலை ஒரு சங்கிலியில் மெல்ல நகர்ந்து, காய்ந்து வெளியே விழும். விசிறியை நிறுத்த ஒரு நீளமான இரும்புப் பிடி. அது என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த யந்திரங்களில் ரோதைமுனி என்ற சாமி குடியிருப்பதாக எங்கள் ஆட்கள் சூடம் காட்டுவார்கள். அந்தப் பிடியிலும் குங்குமப் பொட்டு இருந்தது.

திடீரென்று ஒரு சத்தம். சங்கிலி நின்றுவிட்டது. தட்டுகள் நகரவில்லை, விசிறி மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. சூசை மாமா முள்ளைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஆளிடம், "ஓடு, டீமேக்கரய்யாவக் கூட்டிட்டு வா" என்றார். அந்த ஆள் ஓடினார். இலை உருட்டுகிற ரோலரில் நின்றவர்களும் வந்து கூடிவிட்டார்கள். டீமேக்கர் சொல்லாமல் அடுப்பை நிறுத்தினால் உருட்டி வைத்திருக்கிற அவ்வளவு கொழுந்தும் புளித்துப் பாழாகிவிடும். நிறுத்தியவன் வேலையும் போகும், லயத்தில் குடியிருக்கிற காம்பராவும் போகும். எல்லோரும் வாசலையே பார்த்தார்கள். நானும் வாசலைப் பார்த்தேன். கருகல் வாடை வந்தது. முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே போனது. அப்போதும் வாசலைத்தான் பார்த்தேன்.

சவரி எங்கிருந்தோ வந்தான். ஓடி வரவில்லை, விறுவிறுவென்று நடந்து வந்தான். முள்ளை ஒரு தரம் பார்த்தான். "தள்ளிக்கடா" என்று என்னை ஓரமாக்கிவிட்டுப் பிடியை இழுத்தான். விசிறி முனகி நின்றது. குளிர்காற்று போகிற கதவையும் திறந்துவிட்டான்.

டீமேக்கர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "யாரு கை வச்சது?"

"நான்தான் ஐயா. சூடு கோட்டத் தாண்டிடுச்சு" என்றான் சவரி.

தட்டுகளை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு மூலையில் இலை கறுத்திருந்தது. நெருப்பு இல்லை. "இன்னும் பத்து நிமிசம் தாங்கியிருக்கும். அதுக்குள்ள நான் வந்திருப்பேன்" என்றார் டீமேக்கர். தாங்கியிருக்குமா, ஸ்டோரே பற்றி எரிந்திருக்குமா, இனி யாராலும் சொல்ல முடியாது. சரியான நேரத்தில் நிறுத்திவிட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. பாழாய்ப்போன கொழுந்து மட்டும் கண்ணெதிரே மலை மாதிரிக் கிடந்தது.

அப்போது என் மனசில் ஓடியதையும் எழுதிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டிக்கொண்டான் பயல், கண்டாக்கையாவின் 'ங்க' இனி இருக்காது என்று ஒரு குளிர்ச்சி. பொறாமை அவ்வளவு கேவலமான வியாதி.

சாயங்காலம் பெரிய துரையின் தீர்ப்பு வந்தது. எங்களை உள்ளே விட்டு அடுப்பில் கைவைக்க விட்டதற்காக சூசை மாமாவுக்கு இனி ஸ்டோர் வேலை கிடையாது. மறுநாள் பெரட்டில், விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், வந்து நிற்க வேண்டும். மலையில் கான், அதாவது வடிகால், வெட்டுகிற வேலை. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு, இந்தக் குளிரில். சவரி பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வந்தான். துரை பார்க்க மறுத்துவிட்டார்.

"நிறுத்துனவன ஏசக் கூடாதுன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்க. இங்க யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன். அவன் வாயிலிருந்து 'விட்டிருப்பேன்' என்று ஒரு வார்த்தை வராதா என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

"தெரியாம என்னடா, தெரிஞ்சுதான் நிறுத்துனேன். உள்ள அத்தனை பேரு நிக்கிறாங்க. அப்பா நிக்கிறாரு, நீ நிக்கிற. வேற என்ன செய்யச் சொல்ற?"

அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பசித்தது, சாப்பிட்டேன் என்பது போலச் சொன்னான். வராந்தாவில் நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை என்பதை அப்போதுதான் நம்பினேன். ஏறியிருந்தாலும் அவனுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

காலையில் நான் புறப்படும்போது சூசை மாமா மண்வெட்டியோடு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மகனைத் திட்டித் தீர்ப்பார் என்று காத்திருந்தேன். அதையாவது கேட்டுவிட்டுப் போகலாமே. என்னோடு சேர்ந்து நடந்தார்.

"இருவது வருசமா அந்தப் பிடிக்குப் பக்கத்துல நின்னுருக்கேன் தம்பி. நெஞ்சு பதறுன நேரமெல்லாம் உண்டு. ஒரு தடவகூட என்னால கை வைக்க ஏலல. இவனுக்கு எங்கருந்து வந்துச்சுன்னே வெளங்கல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வேலை போன மனுஷன், குளிரில் பல் கிட்டிக்க, கண்ணெல்லாம் பூரித்துச் சிரித்தார். என்னைப் பற்றி யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒருவனுடைய அதிர்ஷ்டத்தின் மேல் பொறாமைப்படுவது சுகம். நமக்கும் ஒரு நாள் அடிக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஒரு வருடமாக நான் அந்தச் சுகத்தில்தான் இருந்தேன். இப்போது அது போய்விட்டது. அவனிடம் இருப்பது பம்பாய் கொடுத்ததும் இல்லை, என்னிடம் திருடியதும் இல்லை. இந்தப் பொறாமைக்கு மருந்தே கிடையாது.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் தங்காதீர்கள். அறை வாடகை மூன்று மடங்கு. அன்றைக்கே திரும்புவதானால் கந்தப்பளையிலிருந்து மாலை நாலரை பஸ்ஸைப் பிடித்தால்தான் நானுஓயாவில் அட்டனுக்கு இறங்குகிற வண்டி கிடைக்கும். போக வர மூன்று ரூபாய்க்குள் முடிந்துவிடும், வடை தனி. கம்பளிச் சட்டை கட்டாயம். மழைக்கு சப்பாத்தைவிட ரப்பர் செருப்பு நல்லது. தோட்டத்துக்குள் போனால் யாரையாவது முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள், ஸ்டோர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். நீங்கள் ஒதுங்கி நிற்கிற இடத்துக்கு வேறொருவர் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

நேர்முகம் போன வாரம் முடிந்தது. இந்த முறை முள்ளைப் பற்றியும் கேட்கவில்லை, மேலதிகாரியைப் பற்றியும் கேட்கவில்லை. சூடு, உலோகம், கணக்கு என்றே கேட்டார்கள். கட்டுப்பாட்டுக் கோல்களைப் பற்றி சவரி சொல்லித்தந்ததை மளமளவென்று சொன்னேன். கெட்டுப்போனால் எப்படி நிற்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். நடுவில் இருந்தவர் எழுந்து கைகொடுத்து, "பம்பாயில் மழை அதிகம், நல்ல குடையாகக் கொண்டு வாருங்கள்" என்றார். இடம் கிடைத்த மாதிரிதான். இதற்காகத்தான் ஒரு வருடம் தூக்கமில்லாமல் கிடந்தேன். அந்த ஸ்டோரில் இரும்புப் பிடிக்கும் என் கைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அது நேர்முக அறையில் ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.